கணப்பைக் கவனியுங்கள்

கார்த்திகை பிறந்துவிட்டால் தில்லியில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு சடங்கு தவறாமல் நடைபெறும். ரஜாய்களை வெயிலில் உலர்த்துவோம். பழைய புடவையில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்த ஹீட்டரைக் கீழே இறக்குவோம். வெயிற்காலம் முழுவதும் ஓய்ந்திருந்த கீசருக்கு மீண்டும் வேலை கொடுப்போம். ஹீட்டர் சிவக்கிறதா, கீசரில் வெந்நீர் வருகிறதா என்று பார்ப்போம். இரண்டும் ஆயிற்றெனில், ‘எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது’ என்று மனநிறைவு கொண்டு அப்பால் போய்விடுவோம். சூடு தருவதொன்றே அவற்றின் நலத்துக்குச் சான்று என்பது நம் எண்ணம். அது போதிய சான்றன்று என்பதை இத்திங்கள் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

தென்னாட்டிலிருந்து புதிதாக வந்த குடும்பங்களுக்குத் தில்லிக் குளிரை எடுத்துரைப்பது கடினம். சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1935ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் உறைநிலைக்குக் கீழே 0.6 டிகிரி வரை வெப்பநிலை இறங்கியதாகப் பதிவு உண்டு. அத்தகைய நாள் அரிது. எனினும் மார்கழி, தைத் திங்களின் விடியற்காலையில் 4 டிகிரியும் 5 டிகிரியும் இங்கே வியப்பல்ல. கணப்பில்லாமல் முதியோரும் குழந்தைகளும் இருப்பதற்கில்லை.

குளிர் மிகுந்த மேலைநாடுகளில் வீடு முழுவதற்கும் ஒரே கொதிகலன் இருக்கும். அதில் காய்ந்த நீர் குழாய்களின் வழியே அறைதோறும் சென்று சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். பிரிட்டனில் வாடகைக்கு விட்ட வீடுகளில் எரிவாயுச் சாதனங்களை ஆண்டுக்கு ஒரு முறை தகுதி பெற்றவரைக் கொண்டு சோதித்துச் சான்று பெறுவது வீட்டுக்காரரின் சட்டக் கடமையாகும். நம் நகரங்களிலோ அறைக்கொரு ஹீட்டர், குளியலறைக்கொரு கீசர். அவற்றைச் சோதிக்க ஆண்டுதோறும் வாயிலில் வந்து நிற்பார் எவருமிலர். ஆதலால் நம் இல்லத்துக்கு நாமே சோதகர் ஆக வேண்டும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டுவதில்லை. கண், காது, மூக்கு ஆகியவற்றைச் சற்று விழிப்புடன் வைத்திருந்தால் போதும். பழுதுபட்ட சாதனம் பெரும்பாலும் முன்கூட்டியே குறிப்புக் காட்டும்.

கீசர் காட்டும் குறிகள்

முதலில் நேரத்தைக் கவனியுங்கள். நம் இல்லங்களில் பரவலாக இருப்பது 15 லிட்டர் கொள்ளும், 2000 வாட் கீசர். குழாய் நீர் 15 டிகிரியில் இருப்பதாகக் கொண்டால், அது 60 டிகிரி வரை காய ஏறக்குறைய 24 நிமிடம் ஆக வேண்டும். 25 லிட்டர் கீசராயின் 40 நிமிடம். இது பள்ளிப் பிள்ளைகளும் போடக்கூடிய கணக்கே. ஒரு நாள் காலையில் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவிட்சைப் போட்டதிலிருந்து விளக்கு அணையும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள்.

மிக விரைவில் விளக்கு அணைந்து, நீரும் வெதுவெதுப்பாகவே வருமாயின், உள்ளே உப்புப் படிந்திருக்கலாம்; அல்லது சூட்டை அளந்து மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் தன் கணக்கில் தவறியிருக்கலாம். இரு மடங்கு நேரம் ஆகுமாயின், மின்னழுத்தம் தாழ்ந்திருக்கிறது. அல்லது உள்ளிருக்கும் சுருளில் பழுது இருக்கிறது. விளக்கு அணையவே அணையாமல், குழாயைத் திறந்தால் நீரோடு ஆவியும் சீறி வருமாயின், அது அபாயக் குறி. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டுவிட்டது என்பது அதன் பொருள். உடனே சுவிட்சை அணைத்து, குளியலறையை விட்டு வெளியேறி, எலக்ட்ரீஷியன் வரும் வரை அதைத் தொடாதிருப்பதே அறிவுடைமை.

அடுத்தது ஓசை. காயும்போது கீசருக்குள் பொரி பொரிவது போலவோ, கூழாங்கற்கள் உருள்வது போலவோ ஓசை கேட்டால், சுருளின்மேல் சுண்ணாம்புப் படிவம் ஏறிவிட்டதென்று அறியலாம். படிவத்துக்கு அடியில் அகப்பட்ட நீர் ஆவியாகி வெடித்து வெளியேறும் ஓசையே அது. தில்லியிலும் சுற்றுப்புறங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் குடியிருப்புகளில் இது விரைவில் நேரும். ஆண்டுக்கொரு முறை கழற்றித் துப்புரவு செய்தால் சுருளின் ஆயுள் நீளும்.

நீரின் நிறமும் பேசும். தண்ணீர்க் குழாயில் தெளிவாக வரும் நீர், வெந்நீர்க் குழாயில் மட்டும் செம்பழுப்பாக வந்தால், தொட்டியின் உட்புறம் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. தொட்டிக்குள்ளே மக்னீசியக் கோல் ஒன்று பொருத்தியிருப்பார்கள். தொட்டி அரிக்கப்படாமல் காக்கும் பொருட்டுத் தான் கரைந்து தேய்வதே அதன் தொழில். அது முற்றும் தேய்ந்தபின் தொட்டியின் முறை வரும். கோலைக் காலத்தில் மாற்றுவதற்கு ஆகும் செலவு சிறிது. தொட்டியை மாற்றும் செலவோ பெரிது.

கீசரின் அடியில் குளிர்நீர் நுழையும் இடத்தில் சிறியதொரு பாதுகாப்பு வால்வு இருக்கும். நீர் காயும் நேரத்தில் அதிலிருந்து சில சொட்டுகள் விழுவது இயல்பே. காய்ந்து விரிந்த நீருக்கு அதுவே போக்கிடம். இரவும் பகலும் ஓயாது சொட்டினால் மட்டுமே வால்வையோ, குழாயின் நீரழுத்தத்தையோ சரிபார்க்க வேண்டும். சொட்டுகிறதே என்று துணியைச் சுற்றியும் மூடியைத் திருகியும் அதை அடைத்துவிடுவோர் உண்டு. அது அரிசிப்பானையின் மூடியைக் கம்பியால் கட்டி அடுப்பில் ஏற்றுவதற்கு ஒப்பாகும். தெர்மோஸ்டாட்டும் பழுதாகும் நாளில் தொட்டி வெடித்துவிடக் கூடும்.

குழாயைத் தொட்டவுடன் விரலில் எறும்பு கடித்தாற்போன்ற சுரீரென்ற உணர்ச்சி தோன்றினால் அதைச் சிறிதென்று தள்ளலாகாது. மின்சாரம் நீரில் கசிகிறது. அதைத் தரைக்கு இழுத்துச் செல்ல வேண்டிய எர்த் கம்பியும் தன் கடமையைச் செய்யவில்லை. இன்று எறும்பு, நாளை அது பாம்பாகலாம். கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனம் ஒவ்வோர் இல்லத்திலும் இருக்க வேண்டும். அதில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்துப் பொறித்த பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒரு முறை அதை அழுத்திப் பாருங்கள். உடனே மின்சாரம் நின்றால் காவலாளி விழித்திருக்கிறான் என்று பொருள். அது இருந்தாலும், கீசரை அணைத்துவிட்டே நீராடச் செல்வது நல்வழக்கம்.

ஹீட்டர் காட்டும் குறிகள்

2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதை 16 ஆம்பியர் பெரிய பிளக்கில்தான் செருக வேண்டும். கைப்பேசிக்கும் மேசை விளக்குக்கும் வாங்கிய நீட்டிப்புப் பலகையில் செருகுவது கேடு. அரை மணி நேரம் எரிந்தபின், சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கின் மேற்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பொறுக்கலாம். கை வைக்க முடியாத சூடும், பழுப்பேறிய துளைகளும், இளகி வளைந்த விளிம்பும் தளர்ந்த இணைப்பின் அடையாளங்கள்.

பருவத்தின் முதல் நாளில் தூசி கருகும் வாடை வருவது இயற்கை. சிறிது நேரத்தில் அது நீங்கிவிட வேண்டும். நாள்தோறும் வருமாயினும், அருகில் மீன் இல்லாமலே மீன் வாடை வீசுமாயினும், பிளாஸ்டிக்கோ கம்பியுறையோ சூடேறிக் கருகுகிறதென்று கொள்க. எண்ணெய் நிரம்பிய ஹீட்டர் சூடேறும்போது ‘டிக், டிக்’ என்பது உலோகம் விரியும் ஓசை, அஞ்ச வேண்டியதில்லை. அதனடியில் எண்ணெய்க் கறை கண்டால் மட்டும் அதை விலக்கிவிடுக. எந்த ஹீட்டராயினும் ரஜாய், திரைச்சீலை, உலரும் துணி ஆகியவற்றிலிருந்து மூன்றடி தள்ளியே இருக்கட்டும்.

மின்சார ஹீட்டர் அறையின் பிராணவாயுவை எரித்துவிடும் என்று நம்மவரிடையே ஓர் அச்சம் உண்டு. அதில் எதுவும் எரிவதில்லை. எரிவதுபோல் ஒளிர்வது கம்பியே. காற்றின் ஈரப்பதம் குறைவதால் தொண்டை வறளும், அவ்வளவே. உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொன்று.

குறி காட்டாத பகை

இதுவரை சொன்னவை அனைத்தும் ஓசையாலோ, நிறத்தாலோ, வாடையாலோ நம்மை எச்சரிப்பவை. எதையும் எரித்துச் சூடு காயும் இடத்தில் மட்டும் எச்சரிக்கை இல்லாமல் ஒரு பகை புகுகிறது. கரியோ விறகோ எரிவாயுவோ போதிய காற்றின்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு பிறக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்கும் குணமும் இல்லை. சமையல் வாயு கசிந்தால் மூக்குக்குத் தெரிய வேண்டுமென்று அதில் துர்நாற்றமுள்ள பொருளைக் கலந்திருக்கிறார்கள். இந்த வாயுவில் அப்படிக் கலப்பார் யாருமில்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு இதைப் பற்றிக்கொள்கிறது. மூச்சு நடந்துகொண்டே இருக்கும். உயிர்க்காற்று மட்டும் உடலுக்குச் சேராது.

நம் ஊர்களில் வெந்நீர் அடுப்பு புறக்கடையில் இருந்தது. அண்டாவின் அடியில் தென்னை மட்டையும் பாளையும் எரிந்தன. எழுந்த புகையெல்லாம் வானத்துக்குப் போயிற்று. இங்கே குளிருக்கு அஞ்சித் தீயை அறைக்குள் அழைத்து வருகிறோம். பின்னர்க் கதவையும் சாளரத்தையும் சாத்திக்கொள்கிறோம். தீ மாறவில்லை, அது இருக்கும் இடமே மாறிவிட்டது. அந்த மாற்றத்தில்தான் கேடு இருக்கிறது.

அங்கீட்டியில் கரி புகைந்து முடிந்து தணலான பின் உள்ளே கொண்டுவந்தால் தீங்கில்லை என்பது வடநாட்டில் பலருடைய நம்பிக்கை. அது முற்றிலும் தவறு. புகை அடங்கிய செந்தணலிலிருந்தும் இந்த வாயு வந்துகொண்டே இருக்கும். பனிக்காலம்தோறும் அங்கீட்டியை மூடிய அறையில் வைத்து உறங்கியோர் விடியலில் எழாமற்போன செய்திகளை நாளேடுகளில் காண்கிறோம். எரிவாயு கீசரைக் குளியலறைக்கு உள்ளேயே மாட்டியிருக்கும் வீடுகளிலும் இதே ஆபத்து உண்டு. சிறிய அறை, மூடிய கதவு, ஆவி. சில நிமிடங்களே போதும். பணிமாற்றத்தால் சிம்லாவிலும் சீநகரிலும் வாழும் நம் அன்பர்கள் புகாரி அடுப்பின் புகைக்குழாய் மூட்டுகளையும், வெளியே அதன் வாய் பனியால் அடைபடாதிருப்பதையும் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் இல்லத்தில் நிகழ்ந்தது

பிறருக்கு அறிவுரை கூறும் நாங்களே இதில் தவறினோம் என்பதை மறைப்பது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்குமுன் எங்கள் அன்னையார் தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து தைத் திங்களைக் கழிக்க எங்களோடு வந்திருந்தார். அப்போது குடியிருந்த வாடகை வீட்டில் எரிவாயு கீசர் குளியலறைக்குள்ளேயே இருந்தது. பொருத்தியவர் அவ்வாறே பொருத்திச் சென்றிருந்தார். நாங்களும் ஏனென்று கேட்கவில்லை. அன்னையாருக்குக் குளிர்காற்றுப் படலாகாது என்று, சுவரின் மேலிருந்த காற்றுத் துவாரத்தைச் செய்தித்தாளால் நாங்களே அடைத்தோம்.

ஒரு வாரமாகச் சுடர் நீலம் மாறி மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. கீசருக்கு மேலே சுவரில் கருமை படிந்திருந்தது. ஈரத் துணியால் அதைத் துடைத்தோம். அது என்ன சொல்கிறதென்று எண்ணிப் பார்க்கவில்லை. அன்று காலை முதலில் நீராடி வந்த மகள் தலை சுற்றுகிறது என்றாள். ‘வெறும் வயிற்றோடு நின்றால் சுற்றாமல் என்ன செய்யும்?’ என்று கடிந்துகொண்டோம். அடுத்து அன்னையார் உள்ளே சென்றார். நீராடும்போது தோத்திரம் சொல்வது அவர் வழக்கம். அந்தக் குரல் நின்றது. நீர் விழும் ஓசை மட்டும் நிற்கவில்லை.

தாழ்ப்பாளை உடைத்து அவரை மாடத்துக்குத் தூக்கி வந்தோம். திறந்த வெளிக் காற்றில் கண் விழித்தார். மருத்துவமனையில் பிராணவாயு கொடுக்கும்போது மருத்துவர் எங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: ‘இன்று வீட்டில் வேறு யாருக்கேனும் தலைவலியோ தலைசுற்றலோ இருந்ததா?’ எங்களுக்கு விடை சொல்ல நா எழவில்லை.

பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் கானரிப் பறவையைக் கூண்டில் எடுத்துச் செல்லும் வழக்கம் 1986 வரை இருந்தது. நச்சுக் காற்றில் மனிதனுக்கு முன்பே அது தளரும். அதைக் கண்டு தொழிலாளர் வெளியேறுவர். அன்று எங்கள் இல்லத்தில் மகள் காட்டிய குறிப்பும் அத்தகையதே. நாங்கள்தான் அதை உணரவில்லை.

சில நாட்கள் கழித்து அன்னையார் சொன்னார்: “ஊரில் வெந்நீர் அடுப்புப் புகைந்தால் கண் கரிக்கும், எழுந்து தள்ளி நின்றுகொள்வோம். இந்த ஊர்த் தீ கண்ணைக் கரிக்காமலே ஆளைக் கவிழ்க்கிறதே, அப்பா!” இவ்வளவு தெளிவாக இச்செய்தியை எந்த நூலும் எங்களுக்குச் சொன்னதில்லை.

செய்ய வேண்டுவன

இந்த வாயு தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஆதலால் அதைச் சாதனத்தில் தேடுவதோடு நில்லாமல் மனிதரிடத்தும் தேட வேண்டும். வீட்டிலுள்ள இருவர் மூவருக்கு ஒரே வேளையில் தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால், வெளியே சென்றால் அது தணிந்து உள்ளே வந்தால் மீண்டும் வந்தால், சளி என்றும் பித்தம் என்றும் முடிவு செய்யாதீர்கள். சாளரங்களைத் திறந்து, அடுப்பையும் கீசரையும் அணைத்து, அனைவரும் வெளியேறுங்கள். மயங்கியவரை அங்கேயே வைத்து நீர் தெளித்துக்கொண்டிராமல் முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுசெல்லுங்கள். 112 என்ற எண்ணுக்கு அழையுங்கள். கண் விழித்துவிட்டார் என்று மருத்துவமனையைத் தவிர்க்கலாகாது. சாதாரணக் காற்றில் இந்த வாயுவின் அளவு குருதியில் பாதியாகக் குறைவதற்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவர் கொடுக்கும் தூய பிராணவாயுவில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் அது குறைந்துவிடும்.

2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றின்போது நம்மில் பலர் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை வாங்கினோம். அதை இதற்கு நம்ப வேண்டாம். இந்த வாயு ஏறிய குருதியையும் பிராணவாயு ஏறிய குருதியையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. உயிர் ஊசலாடும்போதும் அது 98 என்று காட்டக் கூடும்.

எரிவாயு கீசர் உள்ளவர்கள் அதைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாற்றிப் பொருத்துங்கள். சுடர் நீலமாக இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பாருங்கள். காற்றுத் துவாரத்தை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். இவ்வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் சிறு கருவிகள் இப்போது கிடைக்கின்றன. எரிக்கும் கணப்புள்ள இல்லத்தில் ஒன்றை வைத்திருப்பது நலம். தீபாவளிக்குப் பலகாரம் செய்யத் தொடங்கும் வாரத்திலேயே எலக்ட்ரீஷியனை ஒரு முறை வரவழைத்து எர்த், தெர்மோஸ்டாட், வால்வு, மக்னீசியக் கோல் ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். குளிர் வந்தபின் அவர் கிடைப்பது அரிது.

இன்னும் ஒன்று. நம் குடியிருப்பின் வாயிலில், தகரக் கூண்டுக்குள் இரவெல்லாம் விழித்திருக்கும் காவலாளியின் காலடியில் எதில் தணல் இருக்கிறதென்று இன்றிரவு சென்று பாருங்கள். பெயிண்ட் டப்பாவில் கரி கனன்றுகொண்டிருந்தால், அதைக் கூண்டுக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள். நம் பரணில் கூடுதலாக இருக்கும் ரஜாய் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.